எய்ஜி சவாமுரா: யுத்தம் விழுங்கிய வீரனும் கிடைக்காத அட்டைகளும்

அமெரிக்காவில் பழைய பேஸ்போல் அட்டைகளுக்கென்று பெரியதொரு சந்தை இருக்கிறது. வீரர்களின் படம் அச்சிட்டு, சுவிங்கம் பக்கற்றுக்குள் சிறுவர்களுக்காக வைத்துக் கொடுத்த சிறிய அட்டைகள் அவை. 1952இல் வெளியான மிக்கி மாண்டிலின் அட்டை ஒன்று 2022இல் 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைப் படித்தபோது, இதே விளையாட்டை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விளையாடிவரும் ஜப்பானில் பழைய அட்டைகள் கிடைக்கின்றனவா என்று தேடினேன். யுத்தத்திற்குப் பிந்தியவை கிடைக்கின்றன. யுத்தத்திற்கு முந்தியவை மிக அரிது. ஏன் அரிது என்பதற்கான விடையை ஒரு மனிதரின் வாழ்க்கையிலேயே காணலாம்.

எய்ஜி சவாமுரா 1917 பெப்ரவரி 1ஆம் திகதி, இன்று இசே என்று அழைக்கப்படும் ஊரில் பிறந்தார். கியோட்டோவில் வணிகப் பாடசாலையில் படிக்கும்போதே வேகமாகப் பந்து வீசுபவர் என்று பெயர் எடுத்துவிட்டார். 1934இல் அமெரிக்காவின் நட்சத்திர அணியொன்று ஜப்பானுக்கு வந்தது. அதை எதிர்க்க அமைக்கப்பட்ட தேசிய அணியில் சேர்வதற்காகப் பாடசாலையை விட்டார்.

1934 நவம்பர் 20ஆம் திகதி, ஷிசுவோகா நகரின் குசனாகி மைதானத்தில், 17 வயதுச் சவாமுரா சார்லி கெரிஞ்சர், பேப் ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபொக்ஸ் ஆகிய நால்வரையும் அடுத்தடுத்துப் பந்தைத் தொடவிடாமல் ஆட்டமிழக்கச் செய்தார். கிரிக்கெட் பார்த்துப் பழகிய எங்களுக்குப் புரியும்படி சொன்னால், உலகின் தலைசிறந்த நான்கு துடுப்பாட்ட வீரர்களை ஒரு பாடசாலை மாணவன் வரிசையாக வெளியேற்றியதைப் போன்றது. ஏழாவது சுற்றில் கெரிக் அடித்த ஒரேயொரு பந்தால் ஜப்பான் 1-0 என்று தோற்றது. ஆனாலும் நாடு முழுவதும் அந்த மாணவனைப் பற்றியே பேசியது.

அந்த நால்வருக்கும் கவுடி என்ற பொஸ்டன் சுவிங்கம் நிறுவனம் 1933இலேயே அட்டைகள் வெளியிட்டிருந்தது. அவை இன்றும் அமெரிக்க ஏலங்களில் வந்துகொண்டே இருக்கின்றன. விலை அதிகம், ஆனால் பணம் இருந்தால் வாங்கலாம். அவர்களைத் திணறடித்தவரின் அக்காலப் படங்களோ அப்படிக் கிடைப்பதில்லை.

அந்தத் தேசிய அணியே பின்னர் டோக்கியோ ஜயன்ட்ஸ் ஆனது. 1936இல் தொழில்முறைப் போட்டிகள் தொடங்கின. அதே ஆண்டு செப்டெம்பரில், எதிரணிக்கு ஓர் அடிகூடக் கொடுக்காத ஆட்டமொன்றைச் சவாமுரா வீசினார். ஜப்பானியத் தொழில்முறைப் பேஸ்போலில் அதுவே முதலாவது. 1937 வசந்தகாலப் போட்டித் தொடரில் 24 வெற்றி, 4 தோல்வி. அத்தொடரின் சிறந்த வீரரும் அவரே. அப்போது அவருக்கு வயது 20.

1938இல் அவரை இராணுவத்திற்கு எடுத்தார்கள். சீனாவுக்கு அனுப்பப்பட்டார். பந்து வீசுபவரின் கை கைக்குண்டு எறியவும் பயன்பட்டது. கனமான குண்டுகளைத் திரும்பத் திரும்ப எறிந்ததில் வலது தோள் கெட்டது. இடது கையிலும் காயம். 1940இல் திரும்பி வந்தபோது பழைய வேகம் இல்லை. கையைப் பக்கவாட்டில் இறக்கி வீசப் பழகி, அந்த ஆண்டு ஜூலையில் ஓர் அடிகூடக் கொடுக்காத தன் மூன்றாவது ஆட்டத்தை வீசினார்.

1941இல் இரண்டாவது முறை அழைப்பு வந்தது. இம்முறை பிலிப்பைன்ஸ். 1943இல் திரும்பி வந்து சில ஆட்டங்களே விளையாடினார். 1944இல் ஜயன்ட்ஸ் அவரை அணியிலிருந்து விடுவித்தது. அதே ஆண்டு மூன்றாவது முறையாக அழைத்தார்கள். 1944 டிசெம்பர் 2ஆம் திகதி, பிலிப்பைன்ஸ் நோக்கிச் சென்ற அவரது கப்பலை யாகுஷிமா தீவுக்கு அப்பால் அமெரிக்க நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. அவருக்கு வயது 27.

அவரை வெறுமனே பலியானவர் என்று மட்டும் எழுதிவிட முடியாது. அவர் சென்றது ஆக்கிரமிப்பு இராணுவத்தில். அந்த இராணுவத்தால் சீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் அழிந்த குடும்பங்களின் கதையும் இதே கதையின் பகுதிதான். ஆனால் அவர் கேட்டுப் போகவில்லை. மூன்று முறையும் அரசு அவரை எடுத்துச் சென்றது.

அவருடைய காலத்துக் காகிதங்களுக்கும் அதே கதிதான். ஜப்பானில் சிறுவர்கள் விளையாடிய அட்டைக்கு மென்கோ என்று பெயர். ஒருவரின் அட்டை மீது மற்றவர் தன் அட்டையை ஓங்கி அடித்துப் புரட்ட வேண்டும். அடிபட்டு மடிந்து கிழிந்துவிடும். மிட்டாய்க் கடைகளில் விற்ற புரோமைட் என்ற புகைப்படங்களோ மெல்லியவை. இவற்றில் எஞ்சியவை யுத்தகாலக் காகிதத் தட்டுப்பாட்டையும் பின்னர் நகரங்களை எரித்த விமானத் தாக்குதல்களையும் தாண்ட வேண்டியிருந்தது. 1945 மார்ச் 10ஆம் திகதி இரவு மட்டும் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் இறந்தார்கள். மனிதர்களே மிஞ்சாத வீடுகளில் சிறுவர்களின் அட்டைகள் எப்படி மிஞ்சும்? இடப்பெயர்வில் குடும்பப் படங்களைத் தொலைத்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

யுத்தம் முடிந்து, 1947ஐ ஒட்டிய ஆண்டுகளில் மென்கோ மீண்டும் பெருகியது. அதில் நிறைந்திருந்தவர்கள் கவகாமி, ஒஷிதா போன்ற, உயிரோடு திரும்பிய வீரர்கள். இன்று வெளிநாட்டவர் கையில் சேர்வதும் பெரும்பாலும் இந்த அட்டைகளே. டோக்கியோவின் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத்தெருவில் கிடைக்கும். ஜப்பானிய இணைய ஏலங்களில் விற்பவர்கள் பலர் வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. ஆகவே உள்ளூர் முகவர் மூலமே வாங்க வேண்டும். பல அட்டைகளில் ஆண்டு அச்சிடப்பட்டிருக்காது. சீருடையையும் அணியையும் பார்த்தே காலத்தைக் கணிக்கிறார்கள். இத்தனை சிரமம் இருந்தாலும் தேடினால் கிடைக்கின்றன.

சேகரிப்பவர்களின் மொழியில் அரிதானது என்றால் விலைமதிப்பானது என்று பொருள். சவாமுராவின் விடயத்தில் அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. கவகாமி, ஒஷிதாவின் அட்டைகளைச் சிறுவர்கள் தரையில் அடித்து விளையாடிய அந்த ஆண்டுகளில் அவருக்கு முப்பது வயதுதான் ஆகியிருக்கும். அவர் உயிரோடு திரும்பியிருந்தால், ஒரு சேகரிப்பாளர் அதிகம் பொருட்படுத்தாத சாதாரண மென்கோ அட்டைகள் அவருக்கும் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கும்.

1947இல் ஜயன்ட்ஸ் அவரது 14ஆம் இலக்கத்தை வேறு எவருக்கும் கொடுப்பதில்லை என்று ஒதுக்கி வைத்தது. அதே ஆண்டில் தொடங்கிய சவாமுரா விருது, சிறந்த பந்துவீச்சாளருக்கு இன்றும் வழங்கப்படுகிறது. குசனாகியில் அவருக்கும் பேப் ரூத்துக்கும் சிலைகள் இருக்கின்றன. டோக்கியோ டோம் மைதானத்திற்கு அருகே, யுத்தத்தில் இறந்த தொழில்முறை வீரர்களின் பெயர்கள் பொறித்த நினைவுக்கல் நிற்கிறது. சவாமுராவின் பெயரும் அதில் இருக்கிறது. அந்த விருதை அவருக்குப் பின் பலர் வாங்கிவிட்டார்கள். அந்தக் கல்லில் அவரோடு இருப்பவர்களில் பெரும்பாலானோரின் பெயரை இன்று பேஸ்போல் பார்ப்பவர்கள்கூட அறியமாட்டார்கள்.