பிறர் பெயர் சொன்ன பெருந்தகை

பொருநை நதி பாயும் திருநெல்வேலிச் சீமை தமிழ்த்தாய்க்கு அளித்த செல்வங்கள் பலப்பல. அவற்றுள் ஒளிவிடும் மணி, சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள். அப்பெரியாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத நாங்கள் முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் நன்மாணவி பரிசுக்கு மாணவிகளே ஒருத்தியை முன்மொழிய வேண்டும். தன் பெயரைத் தானே எழுதக் கூடாது. யாருடைய பெயரை எழுதுகிறோமோ அவள் செய்த வேலை என்ன என்பதையும் விளக்க வேண்டும். இவ்வாண்டு தாள்களைப் பிரித்துப் பார்த்தபோது எல்லாவற்றிலும் மூன்றே பெயர்கள்தாம் திரும்பத் திரும்ப வந்தன. மேடையில் பேசுகிறவள், விளையாட்டில் வெல்கிறவள், முதல் மதிப்பெண் வாங்குகிறவள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் நல்லவள், கெட்டிக்காரி என்பதற்குமேல் ஒன்றும் இல்லை. எங்கள் தமிழம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தாள்களைத் திருப்பிக் கொடுத்து, நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் வரலாற்றைப் படித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார்கள்.

பக்கத்து ஊர்க்காரர் என்றதும் எங்களுக்கு வியப்பு. எங்களில் பலர் கங்கைகொண்டானிலிருந்தும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் வருகிறவர்கள். கங்கைகொண்டானுக்குத் தெற்கே தாழையூத்து. அதற்கும் அப்பால் தாமிரபரணிக் கரையில் இருப்பது இராசவல்லிபுரம். செப்பறை நடராசர் கோயிலால் பெயர் பெற்ற அவ்வூரில் 1896ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் சேதுப்பிள்ளை பிறந்தார். தந்தையார் பிறவிப்பெருமாள் பிள்ளை, தாயார் சொர்ணம்மாள். இராமேசுவரத்துச் சேதுவில் நீராடி வேண்டிப் பெற்ற பிள்ளை ஆதலால் சேது என்று பெயரிட்டதாகச் சொல்வார்கள். அவர் பெயரின் முன் நிற்கும் இரண்டு எழுத்துகளில் முதலாவது ஊரையும் இரண்டாவது தந்தையையும் குறிக்கும்.

ஊரில் தொடக்கக் கல்வி கற்ற அவர், பாளையங்கோட்டைத் தூய சவேரியார் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். சேசு சபைத் துறவிகள் நடத்திய கத்தோலிக்கப் பள்ளியில் அந்தச் சைவச் சிறுவர் பயின்றார் என்பது எங்களுக்கு மகிழ்ச்சி தந்த செய்தி. பிறகு நெல்லை இந்துக் கல்லூரியிலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் கற்றுப் பட்டம் பெற்றார். பச்சையப்பன் கல்லூரியிலேயே சிறிது காலம் தமிழ் கற்பித்தார். சட்டமும் படித்து முடித்து, நெல்லைக்குத் திரும்பி வழக்கறிஞர் ஆனார்.

நெல்லை நகர்மன்றத்தில் உறுப்பினராகவும் துணைத்தலைவராகவும் இருந்தபோது அவர் செய்த ஒரு பணி எங்களை மிகவும் கவர்ந்தது. நெல்லை நகரத் தெருக்களின் பழம்பெயர்கள் மக்கள் வாயில் சிதைந்து, பொருள் விளங்காமல் வழங்கி வந்தன. அவற்றின் உண்மை வடிவத்தைத் தேடிக் கண்டு, மீண்டும் வழங்கச் செய்தார். கூலம் என்றால் தானியம். தானியக் கடைகள் நிறைந்திருந்த தெரு கூலக்கடைத் தெரு. பெயர் சிதைந்துபோனால் அங்கே வாழ்ந்த வணிகர்களின் நினைவும் சேர்ந்து அழிந்துபோகும் அல்லவா? ஒரு பெயரைச் சரியாகச் சொல்வதும் ஒரு மரியாதை என்பதை அவர் அப்போதே உணர்ந்திருந்தார்.

வழக்குமன்றத்தைவிடத் தமிழ்மன்றமே அவரை இழுத்தது. 1930இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் விரிவுரையாளராகச் சேர்ந்தார். விபுலானந்த அடிகள், நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆகிய பேரறிஞர்களின் தலைமையில் பணியாற்றும் பேறு அங்கே அவருக்குக் கிட்டியது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அப்போது அங்கே தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவர் பேராசிரியர் வையாபுரிப்பிள்ளை; அவரும் நெல்லைச் சீமையினரே. 1946இல் அவர் ஓய்வு பெற்றதும் சேதுப்பிள்ளை தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் அவர் தமிழ் அடங்கி நிற்கவில்லை. சென்னையில் கம்பராமாயணத்தையும் சிலப்பதிகாரத்தையும் பொதுமக்களுக்குத் தொடர் வகுப்புகளாக நடத்தினார். அலுவலகம் விட்டு வந்த எழுத்தர்களும் கடைக்காரர்களும் அமர்ந்து கேட்டார்களாம். 1943இல் சென்னைச் சட்டக் கல்லூரியில் கம்பராமாயணத்தைப் பற்றி ஒரு சொற்போர் நடந்தது. எதிர்த்துப் பேசியவர் அறிஞர் அண்ணா; கம்பன் பக்கம் நின்றவர் சேதுப்பிள்ளை. கருத்து வேறுபட்டவரோடும் பண்பு குன்றாமல் வாதிடலாம் என்பதற்கு அந்த மேடையைப் பெரியவர்கள் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறுவர். தருமபுரம் ஆதீனம் அவருக்குச் சொல்லின் செல்வர் என்னும் பட்டத்தை வழங்கியது. எதுகையும் மோனையும் துள்ளிவரும் அவருடைய உரைநடையைப் படித்தவர்கள் அந்தப் பட்டத்தின் பொருத்தத்தை அறிவார்கள்.

அவருடைய நூல்களில் எங்கள் மனத்தில் பதிந்தவை இரண்டு. ஒன்று 1946இல் வெளிவந்த ஊரும் பேரும். மலை, காடு, வயல், ஆறு, கடல், கோவில், அரசர் என வகுத்துக்கொண்டு தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களின் வரலாற்றை அதில் ஆராய்ந்தார். அதைப் படித்த பிறகுதான் எங்கள் ஊர்ப்பெயரையே நாங்கள் உற்றுப் பார்த்தோம். கங்கைகொண்டான் என்பது கங்கை வரை படை செலுத்தி வென்ற இராசேந்திர சோழனின் சிறப்புப் பெயர். சிற்றாறு ஓடும் பாண்டிநாட்டு ஊரில் சோழனின் பெயர் ஆயிரம் ஆண்டு நிலைத்திருக்கிறது. தினமும் பேருந்துப் பலகையில் படித்த பெயர்தான். ஆனாலும் ஒருநாளும் நாங்கள் சிந்தித்ததில்லை.

மற்றொன்று கிறித்தவத் தமிழ்த் தொண்டர். தாம் சைவராக இருந்தும், கடல் கடந்து வந்து தமிழுக்கு உழைத்த வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகியோரின் தொண்டைத் தமிழ் மக்கள் மறவாதபடி எழுதி வைத்தார். நம் மாவட்டத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லின் வரலாற்றைத் தனி நூலாகவும் எழுதினார். அவர்கள் எவரும் இவரிடம் வந்து எம் பெயரை எழுது என்று கேட்கவில்லை. இவர் படித்தார், உண்மை கண்டார், எழுதினார். அவ்வளவே.

இனி, தமிழம்மா எங்களைப் படிக்கச் சொன்ன காரணத்துக்கு வருகிறோம். நாட்டு விடுதலைக்குப்பின் இந்திய மொழி இலக்கியங்களை வளர்ப்பதற்காக 1954இல் சாகித்திய அகாதெமி புது டில்லியில் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் பண்டித நேரு. துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். ஒவ்வொரு மொழியிலும் சிறந்த நூலுக்கு ஆண்டுதோறும் பரிசு என்பது அதன் திட்டம். 1955இல் முதன்முதலாகப் பரிசுகள் அறிவிக்கப்பட்டன. தமிழுக்குரிய முதல் பரிசு, சேதுப்பிள்ளை எழுதிய தமிழின்பம் என்னும் கட்டுரை நூலுக்குக் கிடைத்தது. கதையோ கவிதையோ அன்றி, ஒரு பேராசிரியரின் கட்டுரைத் தொகுப்பு அந்த முதல் இடத்தைப் பெற்றது. அப்போது பரிசுத்தொகை 5,000 ரூபாய். இன்று அது 1,00,000 ரூபாய்.

இந்தப் பரிசு ஒருவருக்கு எப்படிச் சேர்கிறது என்பதையும் கேட்டறிந்தோம். அந்தந்த மொழி அறிஞர்கள் நல்ல நூல்களின் பட்டியலைத் தயாரிப்பார்கள். அப்பட்டியலைப் பலர் படித்துச் சுருக்குவார்கள். இறுதியில் மூவர் அடங்கிய நடுவர் குழு ஒரு நூலைத் தெரிந்தெடுக்கும். செயற்குழு ஒப்புதல் அளிக்கும். தகுதியான நூல் இல்லை என்று கருதினால் கொடுக்காமலும் விடுவார்கள். 1957, 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் தமிழுக்குப் பரிசு இல்லை. ஆகவே ஒரு நூல் பரிசு பெறுவதற்கு முன், யாரோ ஒருவர் அதை வரிவரியாகப் படித்திருக்க வேண்டும். படித்துவிட்டு, இது நல்லது, இன்ன காரணத்தால் நல்லது என்று வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டும். பரிசு பெறுகிறவரின் படம் பத்திரிகையில் வரும். அந்த முதல் வாசகரின் பெயர் எங்கும் வராது. ஆனாலும் அவர் இல்லாவிட்டால் விழாவே இல்லை.

சொல்வதைக் காலத்தில் சொல்ல வேண்டும் என்பதும் எங்களுக்குப் புரிந்தது. 1956ஆம் ஆண்டுப் பரிசு கல்கியின் அலை ஓசைக்குக் கிடைத்தபோது அவர் உயிருடன் இல்லை. பாவேந்தர் பாரதிதாசன் 1964இல் மறைந்தார்; அவருடைய பிசிராந்தையார் நாடகத்துக்குப் பரிசு வந்தது 1969இல். நெல்லை தந்த புதுமைப்பித்தனோ அகாதெமி பிறக்குமுன்பே 1948இல் கண்மூடிவிட்டார். மாலை கழுத்தில் விழுவதற்கும் படத்தின்மேல் விழுவதற்கும் எவ்வளவு வேறுபாடு! சேதுப்பிள்ளைக்கு 59ஆம் வயதில், கேட்கச் செவியும் மகிழ மனமும் இருக்கும்போதே அந்தச் சிறப்பு வந்தது.

தமக்குச் சிறப்பு வந்தபோதும் அவர் பிறர் பெயரை மறக்கவில்லை. தாயார் சொர்ணம்மாளின் பெயரால் அவர் நிறுவிய அறக்கட்டளையின்கீழ் பல்கலைக்கழகத்தில் தமிழறிஞர்கள் சொற்பொழிவாற்றினார்கள். அவை நூல்களாகவும் வெளிவந்தன. சிற்றூர்த் தாய் ஒருத்தியின் பெயர் பல்கலைக்கழக நூல்களின் முகப்பில் அச்சாகும் என்று அக்காலத்தில் யார் நினைத்திருப்பார்கள்? 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், தம் 65ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய நூல்கள் இன்று நாட்டுடைமை ஆக்கப்பட்டு, எவரும் படிக்கும்படி பொதுச்சொத்தாக இருக்கின்றன. அதே இராசவல்லிபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட வல்லிக்கண்ணனுக்கு 1978இல் அகாதெமிப் பரிசு கிடைத்தது. 2024ஆம் ஆண்டுப் பரிசும் திருநெல்வேலி எழுச்சியையும் வ.உ.சி.யையும் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய ஆராய்ச்சி நூலுக்கே கிடைத்தது.

இவ்வரலாற்றைப் படித்து முடித்த மறுநாள் எங்கள் வகுப்பில் ஒரு செய்தி வெளிப்பட்டது. கடைசி வரிசையில் ஜன்னலோரம் அமரும் ஒரு தோழி இரண்டு ஆண்டுகளாக ஒரு நோட்டில் தன் ஊர்க் குளம், மடை, வயல், தோப்பு இவற்றின் பெயர்களை எழுதி வந்திருக்கிறாள். தன் ஆச்சியிடமும் ஆடு மேய்க்கும் தாத்தாக்களிடமும் கேட்டுக் கேட்டு எழுதியது. வழக்கொழிந்த பெயர்கள் பல அதில் உள்ளன. அவளுக்கு அருகில் அமர்ந்தவளுக்கு அது முன்பே தெரியும். இதெல்லாம் ஒரு வேலையா என்று எண்ணிச் சொல்லாமல் இருந்துவிட்டாள். நாங்களும் அவளிடம் என்ன எழுதுகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எங்களுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

நோட்டை அவள் தரத் தயங்கினாள். கெஞ்சி வாங்கி, ஆளுக்கு நாலு பக்கமாக எல்லோரும் படித்தோம். பிறகு புதிய தாளில் அவள் பெயரை எழுதினோம். இந்த முறை காரணம் எழுத இடம் போதவில்லை. தாளின் பின்பக்கமும் நிறைந்துவிட்டது. தலைமைச் சகோதரி அவர்களிடம் தாள்களைச் சேர்ப்பித்துவிட்டோம். முடிவு ஆண்டு விழாவில்தான் தெரியும். இம்மலர் அச்சாகும்வரை எங்களுக்கும் தெரியாது. பரிசு யாருக்குக் கிடைத்தாலும் நாங்கள் மனமாரக் கைதட்டுவோம்.

அன்புத் தோழிகளே! உங்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவள் என்ன செய்கிறாள் என்று இன்றே கேளுங்கள். நல்லதைக் கண்டால் நாலு பேர் அறியச் சொல்லுங்கள். பெற்றோரே, எங்களைப் பிறரோடு ஒப்பிட்டுப் பேசும்போது, மேடை ஏறாதவர்களையும் ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரின் பெயரையும் ஒரு தெருவின் பெயரையும் கூடக் காப்பாற்றிய சொல்லின் செல்வரின் நினைவுக்கு நாங்கள் செலுத்தும் காணிக்கை இதுவே.

பத்தாம் வகுப்பு மாணவி