எஸ். கரிவரதன்

எஸ். கரிவரதன் (1954 – 1995) கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் பந்தய ஓட்டுநரும், பந்தயத் தானுந்து வடிவமைப்பாளரும், தொழில் முனைவோரும் ஆவார். பந்தய வட்டாரங்களில் கரி என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்டார். மாருதி 800 தானுந்தின் எஞ்சினையும் பற்சக்கரப் பெட்டியையும் (கியர் பாக்ஸ்) கொண்டு, ஃபார்முலா மாருதி எனும் ஒற்றை இருக்கைப் பந்தயத் தானுந்தை 1980களின் இறுதியில் உருவாக்கியது இவரது முதன்மையான பங்களிப்பாகும். பெருஞ்செல்வர்களின் விளையாட்டாக இருந்த ஃபார்முலா வகைப் பந்தயம் இளைஞர்களுக்கு எட்டும் நிலைக்கு வர இத்தானுந்து வழிவகுத்தது.

பின்னணி

கரிவரதன், கோவையின் புகழ்பெற்ற இலட்சுமி ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர். இலட்சுமி ஆலை 1910 ஆம் ஆண்டில் ஜி. குப்புசாமி நாயுடு அவர்களால் நிறுவப்பட்டது. 1888 இல் கோவையின் முதல் நூற்பாலை தோன்றியது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. அப்போது கோவை மாவட்டத்தின் பகுதியாக இருந்த திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் வளர்ந்தது. (திருப்பூர் 2009 இல் தனி மாவட்டமானது.)

ஆலைகளைச் சார்ந்து வார்ப்படச் சாலைகளும், கடைசல் பட்டறைகளும், இயந்திரத் தொழிற்சாலைகளும் இப்பகுதியில் வளர்ந்தன. நூற்பு இயந்திரங்களை உருவாக்கும் இலட்சுமி மெசின் ஒர்க்ஸ் 1962 இல் தொடங்கப்பட்டது. நூற்பு இயந்திரத்தில் நூலின் பருமனை மாற்ற வேண்டுமானால், அதிலுள்ள பற்சக்கரங்களுள் ஒன்றை வேறு எண்ணிக்கைப் பற்கள் கொண்டதாக மாற்றுவர். எனவே பற்சக்கர விகிதம் என்பது கோவை, திருப்பூர் வட்டாரத் தொழிலாளர்களுக்கு நன்கு பழகிய ஒன்றாகும். பந்தயத் தானுந்து உருவாக்கத்திற்குத் தேவையான கைத்திறன் இங்கு ஏற்கனவே இருந்தது.

சோழவரம் பந்தயங்கள்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து வானூர்தி ஓடுபாதை ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்தது. 1953 இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்குப் பந்தயங்களை நடத்தியது. கரிவரதன் அங்குப் புகழ் பெற்ற ஓட்டுநர்களுள் ஒருவர்.

அக்காலத்தில் இந்தியாவில் தானுந்து வகைகள் மிகக் குறைவு. அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்றவற்றையே மாற்றியமைத்து ஓட்டினர். வெளிநாட்டுப் பந்தயத் தானுந்துகளுக்கு இறக்குமதி வரி மிகுதி. ஆகவே அவற்றை வாங்க வல்லவர் சிலரே. விஜய் மல்லையா, என்சைன் எனும் ஃபார்முலா 1 தானுந்தைச் சோழவரத்தில் ஓட்டினார். உள்நாட்டுத் தானுந்தை ஓட்டிய ஒருவர், எவ்வளவு திறமை பெற்றிருந்தாலும், அதனுடன் போட்டியிட இயலாது. பந்தயத்தில் திறமையைவிடப் பணமே முடிவு செய்யும் நிலை இருந்தது.

பற்சக்கர விகிதத்தின் பங்கு

நீண்ட நேர்ப்பாதைகளில் முடுக்கம் எவ்வாறு கிடைக்கிறது என்பதை அறிந்தால் கரிவரதனின் வடிவமைப்பை எளிதில் புரிந்துகொள்ளலாம். எஞ்சினின் முறுக்குவிசை பற்சக்கரப் பெட்டியில் ஒருமுறையும், இறுதிப் பற்சக்கரத்தில் மறுமுறையும் பெருக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, முதல் கியரின் விகிதம் 3.5 ஆகவும் இறுதி விகிதம் 4 ஆகவும் இருந்தால், உராய்வு இழப்பைக் கணக்கில் கொள்ளாதபோது, சக்கரங்களை 14 மடங்கு முறுக்குவிசை அடைகிறது. இறுதி விகிதத்தைக் கூட்டினால் முடுக்கம் மிகும். ஆனால் அந்தந்தக் கியரில் எட்டக்கூடிய உச்ச வேகம் குறையும்.

கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர், நீளமுள்ள நேர்கோட்டு முடுக்கப் பந்தயத்தில் (டிராக் ரேஸ்) இத்தேர்வே வெற்றியை முடிவு செய்வதுண்டு. தானியங்கிக் கியர் கொண்ட தானுந்துகளில் இதனுடன் முறுக்குவிசை மாற்றியும் (டார்க் கன்வர்ட்டர்) சேர்கிறது. இது நீர்மத்தின் வழியே ஆற்றலைக் கடத்தி, புறப்படும் கணத்தில் முறுக்குவிசையை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது. பந்தயத்திற்கெனச் சற்று உயர்ந்த சுழற்சி வேகத்தில் பிடிக்கும் மாற்றியைப் பொருத்தினால், எஞ்சின் தன் வலிமை மிகுந்த நிலையிலிருந்தே புறப்படும். அளவு மீறினால் வழுக்கல் மிகுந்து நீர்மம் கொதிப்படையும். கரிவரதன் காலத்து இந்தியப் பந்தயத் தானுந்துகளில் இவ்வேலை முழுவதும் ஓட்டுநரின் கிளட்ச் காலிலும் கியர்த் தண்டிலுமே இருந்தது.

ஃபார்முலா மாருதி

1983 இறுதியில் மாருதி 800 விற்பனைக்கு வந்தது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்ட அதன் எஞ்சின் ஏறத்தாழ 40 குதிரைத்திறன் வழங்கியது. எஞ்சினும் நான்கு கியர்ப் பெட்டியும் ஒரே தொகுதியாக முன்புறம் குறுக்காக அமைந்து, முன்சக்கரங்களை இயக்கின. ஃபார்முலா மாருதியில் இத்தொகுதி ஓட்டுநருக்குப் பின்னே வைக்கப்பட்டு, பின்சக்கரங்களை இயக்கியது. குழாய்ச் சட்டகத்தின் மீது கண்ணாடியிழை உடற்பகுதி பொருத்தப்பட்டது.

சாலைத் தானுந்தின் எடை 600 கிலோகிராமுக்கு மேல். ஒற்றை இருக்கைத் தானுந்து அதைவிட மிகவும் இலேசானது. ஆகவே, அதே எஞ்சினும் அதே கியர்களும் இதில் விரைவான முடுக்கத்தைத் தந்தன. உதிரி உறுப்புகள் நாடெங்கும் கிடைத்தன. போட்டியாளர் அனைவரிடமும் ஒரே வகை எஞ்சினும் கியர்ப் பெட்டியும் இருந்ததால், விலையுயர்ந்த கியர்களை வாங்கி முன்னேற வழியில்லை. வளைவில் வேகத்தை இழக்காமல் ஓட்டுபவரே வெல்ல முடிந்தது.

1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயத்தடம் திறக்கப்பட்டபின் ஃபார்முலா மாருதி பல ஆண்டுகள் இளையோரின் முதற்படியாக விளங்கியது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் தனது முதல் பந்தயத்தை இவ்வகைத் தானுந்திலேயே ஓட்டி, முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். அவர் 2005 இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார்.

மறைவும் நினைவும்

கரிவரதன் 1995 இல் சிறு வானூர்தி விபத்து ஒன்றில் காலமானார். தாம் உருவாக்கிய தானுந்தில் தொடங்கிய ஒருவர் ஃபார்முலா 1 இல் ஓட்டியதைக் காண அவர் இல்லை.

முன்னாள் பந்தய ஓட்டுநரும் தொழிலதிபருமான பி. விஜயகுமார் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் அமைத்த 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத்தடம் 2003 இல் திறக்கப்பட்டது. கரிவரதன் நினைவாக அதற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயரிடப்பட்டது. மாருதி எஸ்டீம் எஞ்சினைக் கொண்ட எல்ஜிபி ஃபார்முலா 4 தானுந்துகளும் பின்னர்ப் பந்தயத்திற்கு வந்தன. உள்நாட்டு எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் கொண்டு, அனைவருக்கும் ஒரே வகைத் தானுந்து என்ற கரிவரதனின் வழிமுறையே அவற்றிலும் பின்பற்றப்பட்டது.