பயிற்சியால் உயர்ந்த பல்வாங்கர் பாலூ

தாழ்த்தப்பட்ட மக்களிடையே தோன்றி, கிரிக்கெட் விளையாட்டில் நாடறிந்த புகழ் பெற்ற முதற்பெரும் வீரர் பல்வாங்கர் பாலூ ஆவார். அவர் 1876ஆம் ஆண்டு தார்வாரில், சமார் சமூகத்தில் பிறந்தார். தந்தையார் இராணுவத்தில் பணிபுரிந்தமையால் குடும்பம் பூனாவில் வாழ்ந்தது. ஆங்கில அதிகாரிகள் கழித்துவிட்ட மட்டையையும் பந்தையும் கொண்டே பாலூவும் அவருடைய தம்பி சிவராமும் ஆட்டம் பயின்றனர்.

இளமையிலேயே பாலூ வேலைக்குச் செல்ல நேர்ந்தது. பார்சிகள் நடத்திய ஒரு சங்கத்தில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுக்கும் பணியை ஏற்றார். பின்னர் ஆங்கிலேயரின் பூனா சங்கத்தில் மாதம் 4 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். அங்கே உருளை இழுப்பதும், வலை கட்டுவதும், டென்னிஸ் களத்திற்குக் கோடிடுவதும் அவர்தம் கடமைகள். ஓய்ந்த நேரத்தில் துரைமார்களுக்குப் பந்து வீச வேண்டும். புகழ்பெற்ற மட்டையாளரான கிரெய்க் என்பவர் பிறருக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, பாலூவைப் பந்து வீசச் செய்து பழகுவாராம். இவ்வாறு இடக்கைப் பந்துவீச்சில் பாலூ நாள்தோறும் பல மணி நேரம் ஈடுபட்டார். ஆனால் அத்தனை ஆண்டுகளிலும் மட்டையைப் பிடித்து ஆடும் வாய்ப்பு அவருக்கு அங்கே அளிக்கப்படவில்லை.

உடலும் உள்ளமும் எவ்வாறு ஒரு கலையைக் கற்கின்றன என்பதை இளைஞர்கள் இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கால் மூளையின் நரம்பணுக்களிடையே உள்ள தொடர்புகள் வலுப்பெறுகின்றன. பந்து விழுந்த இடத்தைக் கண் காண்கிறது. குறி தவறிய அளவை மூளை உணர்ந்து அடுத்த வீச்சில் கையைத் திருத்துகிறது. தொடக்கத்தில் எண்ணி எண்ணிச் செய்த அசைவு, சிறுமூளையின் துணையால் நாளடைவில் தானாகவே நிகழ்கிறது. கை தன் வேலையைத் தானே செய்யும் நிலை வந்தபின், எதிராளியின் காலசைவையும் கருத்தையும் ஆராய மனத்திற்கு ஓய்வு கிடைக்கிறது. திறமை கைக்கு வந்தது என்கிறோம். உண்மையில் அது மூளைக்கு வந்ததாகும். இவ்வியற்கை விதி எக்குலத்திற்கும் பொதுவானது.

பாலூவின் ஆற்றலைக் கண்ட பூனா இந்துக்கள், ஆங்கிலேயரை வெல்லும் பொருட்டு, எதிர்ப்புகளுக்கிடையே அவரைத் தம் அணியில் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ அவருக்குக் கூடத்திற்கு வெளியே, உடைத்தெறியும் மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவும் தனியிடத்திலேயே. ஒரு மணி நேரத்திற்கு முன் வெற்றி தேடித் தந்த கை, அடுத்த மணியில் தீண்டத்தகாத கையாயிற்று! அவமதிப்பு உள்ளத்தைக் குலைக்கவல்லது. எனினும் பாலூவின் வீச்சு குலையவில்லை.

பின்னர் அவர் பம்பாய்க்குச் சென்று இந்து அணிக்கு ஆடினார். 1906ஆம் ஆண்டில் அவ்வணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றபோது பாலூவின் பந்துவீச்சு பெருந்துணையாயிற்று. 1911ஆம் ஆண்டு பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது 35. அப்பயணத்தில் அவர் 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

இத்தகைய வீரருக்கு இந்து அணியின் தலைமைப் பதவி இறுதிவரை வழங்கப்படவில்லை. சாதியே தடையாயிற்று. 1920ஆம் ஆண்டில் இவ்வநீதியை எதிர்த்துத் தம்பியர் சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகி நின்றனர். அதன்பின் பாலூ துணைத் தலைவராக்கப்பட்டார். 1923ஆம் ஆண்டில் விட்டல் தலைவரானார். இந்து அணி அவ்வாண்டு வாகை சூடியது. அந்த விட்டல் சிறந்த மட்டையாளர் என்பதை மறத்தலாகாது. அண்ணனின் கைக்கு எட்டாத மட்டை தம்பியின் கைக்கு எட்டிற்று. ஒரே குருதியில் அத்திறமையும் மலர்ந்தது. குறை பிறப்பில் இல்லை, வாய்ப்பில் இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பிற்காலத்தில் பாலூ பொதுவாழ்விலும் ஈடுபட்டார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக டாக்டர் அம்பேத்கரை எதிர்த்து நின்று, ஏறத்தாழ இரண்டாயிரம் வாக்குகளில் தோல்வியுற்றார். அரசியல் வழியில் இருவரும் வேறுபட்டனர். எனினும் அண்ணலே தம் இளமையில் பாலூவைப் பெருமையுடன் போற்றியவர். 1955ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாலூ பம்பாயில் காலமானார்.

நம் சமூக இளைஞர்களுக்கு இவ்வாழ்வு உணர்த்துவன இரண்டு. ஒன்று, இடைவிடாப் பயிற்சி உடலையும் உள்ளத்தையும் உயர்த்தும் என்பது. நாள்தோறும் ஓடுங்கள், ஆடுங்கள், நன்கு உண்டு, போதிய அளவு உறங்குங்கள். கற்றது உறக்கத்திலும் உள்ளத்தில் பதிகிறது. பாடப் படிப்பிற்கும் இவ்விதியே பொருந்தும். மற்றொன்று, வாய்ப்பின்றிப் பயிற்சி இல்லை என்பது. நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பந்தும் மட்டையும், நூலும் விளக்கும், விளையாடத் திடலும் கிடைக்கச் செய்வது பெரியோர் கடமை. மறுக்கப்பட்டதைக் கேட்டுப் பெறுவோம். பெற்றதைப் பயிற்சியால் பெருக்குவோம்.