முதலாண்டு மாணவர் காந்தியடிகள்

சென்ற ஆண்டு தில்லிக்கு வந்து விடுதியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, ஊருக்குத் திரும்பிவிடுவது என்று நான் இருமுறை முடிவு செய்தேன். விடுதியில் பேசிய இந்தி விளங்கவில்லை. வகுப்பில் பேசிய ஆங்கிலமோ என் பேனா தொடர முடியாத வேகத்தில் ஓடிற்று. ரொட்டியும் பருப்பும் மூன்றாம் நாளே அலுத்துவிட்டன. அந்த நாட்களில் ஒருநாள் நூலகத்தில் காந்தியடிகளின் சத்திய சோதனை கையில் கிடைத்தது. பெரிய தலைவர் ஒருவரின் வரலாற்றைப் படிக்கப்போகிறோம் என்று எண்ணித்தான் பிரித்தேன். முதற் பகுதியில் நான் கண்டதோ, என்னைப் போலவே திகைத்து நின்ற ஒரு முதலாண்டு மாணவரை.

1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், ராஜ்கோட்டில் படித்து 1887-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பம்பாயிலும் கல்லூரி உண்டு, பவநகரிலும் உண்டு. பவநகரில் செலவு குறைவு. ஆகவே 1888-இன் தொடக்கத்தில் அங்கே சாமள்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்தவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பேராசிரியர்களின் விரிவுரைகளைத் தொடரவே முடியவில்லை. அவர்கள் நல்ல புலமை மிக்கவர்கள் என்றும், குறை தம்முடையதே என்றும் அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். முதற் பருவம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பிவிட்டார். காந்தியடிகளின் முதற் கல்லூரி வாழ்வு இவ்வளவுதான்!

குடும்ப நண்பரான மாவ்ஜி தவே, பையனை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பாரிஸ்டர் ஆக்கலாம் என்று யோசனை சொன்னார். அன்னை புத்லிபாய் கலங்கினார். மது, மாமிசம், மாதர் மூன்றையும் தொடுவதில்லை என்று ஒரு ஜைனத் துறவியின் முன்னிலையில் மகன் உறுதி செய்து கொடுத்த பிறகே விடை தந்தார். பம்பாயில் சாதிப் பெரியவர்கள் கூடி, கடல் கடப்பது பாவம் என்று தடுத்தார்கள். இளைஞர் இணங்கவில்லை. அவரைச் சாதியிலிருந்து விலக்கி, வழியனுப்பச் செல்வோர்க்கு ஒரு ரூபாய் நான்கணா அபராதம் என்றும் அறிவித்தார்கள். மனைவியையும், சில மாதக் குழந்தையையும் விட்டுவிட்டு, 1888 செப்டம்பர் 4-ஆம் நாள் அவர் கப்பலேறினார். வயது பத்தொன்பது நிரம்பவில்லை. பவநகரிலிருந்து திரும்பியது போல இனி எளிதில் திரும்ப முடியாது.

கப்பலில் ஆங்கிலம் பேசக் கூச்சம். கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாது. எந்தப் பண்டத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கவும் துணிவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த தின்பண்டங்களை அறைக்குள்ளேயே உண்டு நாட்களைக் கழித்தார். செப்டம்பர் மாதக் கடைசியில் வெள்ளை உடையுடன் கரையிறங்கிப் பார்த்தால், அப்படி உடுத்தியவர் அவர் ஒருவரே! மறுநாள் ஞாயிறு ஆகையால் மாற்றுடை வைத்த பெட்டிகளும் கைக்கு வர வழியில்லை.

லண்டனில் இரவெல்லாம் வீட்டு நினைவு. கண்ணீர் வழியும்; யாரிடமும் சொல்லவும் முடியாது. தங்கியிருந்த வீட்டில் உப்பில்லாத காய்கறி. இரண்டு துண்டு ரொட்டிக்கு மேல் கேட்க நாணம். வீட்டுக்காரியின் பெண்கள் இன்னும் ஒரு துண்டு வற்புறுத்தி வைப்பார்களாம். அவர் பசியோ ஒரு முழு ரொட்டிக்குப் போதும். நண்பர் ஒருவர் புலால் உண்ணும்படி நாள்தோறும் வாதிட்டார். அன்னைக்குக் கொடுத்த வாக்கு ஒன்றுதான் அவருடைய பதில். புலாலில்லா உணவகத்தைத் தேடி நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். ஒருநாள் பாரிங்டன் தெருவில் அது கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் கால்வைத்த பின் அவர் வயிறார உண்டது அன்றுதான்.

அடுத்து வந்தது வேறொரு மயக்கம். உணவில் ஒத்துப்போகாத குறையை, நாகரிகத்தால் ஈடு செய்ய எண்ணினார். பத்தொன்பது ஷில்லிங்குக்குத் தொப்பி; பத்துப் பவுனுக்கு மாலை உடை; கண்ணாடி முன் பத்து நிமிடம் கழுத்துப்பட்டை கட்டுதல்! நடனம் கற்க மூன்று பவுன் கட்டினார். பியானோ இசைக்குக் கால் ஒத்துவரவில்லை. செவி பழகட்டும் என்று வயலின் வாங்கினார். பேச்சுக் கலைக்கு ஓர் ஆசிரியர். சுமார் மூன்று மாதத்தில் மயக்கம் தெளிந்தது. தாம் வாழ்நாள் முழுதும் இங்கிலாந்தில் இருக்கப் போவதில்லை, படிக்க வந்த மாணவர் என்று உணர்ந்தார். வயலினை விற்கச் செய்தார்.

பின்னர் நடந்தவை சிறிய காரியங்களே. பஸ் கட்டணம், தபால் தலை உட்பட ஒவ்வொரு காசையும் எழுதி, இரவு படுக்குமுன் கணக்கை நேர்செய்தார். நடந்து போகும் தூரத்தில் அறை பார்த்துக்கொண்டார். பிறகு ஒற்றை அறைக்கு மாறி, தாமே காலைக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு, நாளுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் உணவை முடித்தார். அண்ணன் அனுப்பிய பணத்தின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. சட்டக் கல்விக்குரிய விருந்துகளில் நால்வருக்கு இரண்டு புட்டி மது வைப்பார்கள்; குடிக்காத இவரைத் தம் மேசையில் சேர்த்துக்கொள்ளப் போட்டியாம்! லண்டன் மெட்ரிகுலேஷனில் முதன்முறை லத்தீனில் தவறினார். மனம் நொந்தார், ஆனால் இம்முறை வீடு திரும்பவில்லை. மீண்டும் எழுதித் தேறினார். 1891 ஜூன் 10-இல் பாரிஸ்டராகி, ஜூன் 12-இல் தாயகத்துக்குக் கப்பலேறினார். பம்பாய்த் துறைமுகத்தில் வரவேற்ற அண்ணன் சொல்லித்தான், அன்னை முன்பே மறைந்த செய்தி அவருக்குத் தெரியும். அயல்நாட்டில் தம்பி தாங்கமாட்டான் என்று மறைத்திருந்தார்கள். வாக்கைக் காத்து வந்த மகனுக்கு, அதைச் சொல்ல அன்னை இல்லை.

அந்தப் பக்கத்தைப் படித்த இரவு நான் ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். திரும்பி வருகிறேன் என்று சொல்ல நினைத்தவன், சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டதும், சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் ஒரு கணக்கு நோட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கரோல்பாக் வரை சென்று சாம்பார் சாதம் தேடினேன். முதற் பருவத்தில் ஒரு தாளில் தவறினேன். மறுபடி எழுதித் தேறினேன்.

இவ்வாண்டு புதிதாக வந்திருக்கும் தம்பியரே, தங்கையரே! பெட்டியைக் கட்டத் தோன்றும் இரவு உங்களுக்கும் வரலாம். பவநகரிலிருந்து பெட்டியைக் கட்டியவர் யார் என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் நம் சங்கத்து அண்ணன் அக்காமார் யாருடைய அறைக் கதவையாவது தட்டுங்கள்.