அனுமதிச் சீட்டை நீக்கிய தொரப்பள்ளிக்காரர்

நம் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில், கிராம முன்சீப் ஒருவரின் மகனாக 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் இராஜாஜி. சேலத்தில் வழக்கறிஞர், 1917இல் அந்நகராட்சித் தலைவர், 1937இல் சென்னை மாகாணப் பிரதமர், 1948இல் கவர்னர் ஜெனரல் என்று அவர் வகித்த பதவிகளை யாவரும் அறிவர். எனினும், தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் நம் ஜமாஅத்தினர் எண்ணிப் பார்க்க வேண்டியது, 1952 ஏப்ரல் முதல் இரண்டாண்டுகள் அவர் முதலமைச்சராக இருந்த காலத்தையே.

அவர் பொறுப்பேற்றபோது, இரண்டாம் உலகப் போரின்போது வந்த உணவுக் கட்டுப்பாடு நீடித்திருந்தது. அரிசிக்கு ரேஷன். விளைந்த நெல்லை அரசு குறித்த விலைக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். உழவர் மறைப்பார், வணிகர் பதுக்குவார் என்னும் ஐயத்தின்மேல் எழுப்பப்பட்ட ஏற்பாடு அது. ஐயமே பதுக்கலை வளர்த்தது. பதுக்கலைப் பிடிக்க மேலும் அதிகாரிகள், மேலும் சோதனைச் சாவடிகள்!

1952 ஜூனில் இராஜாஜி அக்கட்டுப்பாட்டை நீக்கினார். மழை பொய்த்த ஆண்டுகளை மாநிலம் அப்போதுதான் கண்டிருந்தது; விலை ஏறும், பஞ்சம் வரும் என்று அஞ்சியோர் பலர். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் அவருக்குத் துணை நின்றார். பின்னர் நாடெங்கும் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியவரும் அவரே. மறைந்திருந்த தானியம் கடைவீதிக்கு வந்தது. அஞ்சிய பஞ்சம் வரவில்லை. அடுத்து வந்த நல்ல மழையும் கைகொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு ஸ்பேனர் வாங்க மூன்று கையொப்பம் கேட்கும் தொழிற்கூடங்களை நாம் கண்டிருக்கிறோம். கையொப்பமிட்ட மூவரில் ஒருவரும் அந்த ஸ்பேனரைப் பார்த்திருக்க மாட்டார்!

ஆனால், மக்களை நம்பிய அதே தலைவர் அடுத்த ஆண்டே மக்களின் நம்பிக்கையை இழந்தார். 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றார். இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டே கூடுதல் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அவர் கணக்கு. அக்கணக்கைச் சட்டமன்றத்தில் முன்கூட்டி வைத்து விவாதிக்கவில்லை. சொந்தக் கட்சியினரையும் போதிய அளவு கலந்துகொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பள்ளி வாசலை மிதிக்க முடியாதிருந்தோர் அதைக் குலக்கல்வி என்றே கண்டனர். அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது என்பதே நம் கருத்து. 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய பின், தொழில் நடத்துவோர் பெர்மிட்டுக்கும் லைசன்ஸுக்கும் கோட்டாவுக்கும் தில்லியில் காத்துக் கிடக்கும் நிலையை அவர் விடாது சாடினார். 1972 டிசம்பர் 25 அன்று காலமானார். பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு 1991இல் அறிவித்தபோது, அவர் மறைந்து 18 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தன. அவர் பிறந்த ஊரைச் சுற்றிலும் தொழிற்சாலைகள் எழுந்திருந்தன.