துளஜா மகாராஜாவும் யுத்தக் கடனும்

1763-ல் தஞ்சைச் சிம்மாசனம் ஏறிய துளஜா மகாராஜா வித்வான்களைப் போஷித்தவர். பொக்கிஷத்தைப் போஷிக்க அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. 1771-ல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி கும்பெனிச் சேனையுடன் வந்து கோட்டையை முற்றுகையிட்டார். பெருந்தொகை தருவதாக ஒப்புக்கொண்டே மகாராஜா சமாதானம் பெற்றார். ரொக்கத்துக்கு எங்கே போவது? நகைகளும் நிலங்களும் ஈடாயின. 1773-ல் நாகூரையும் அதைச் சேர்ந்த கிராமங்களையும் நாகப்பட்டினத்து டச்சுக்காரருக்கு விற்றார். அப்படியும் கோட்டை தப்பவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் வீழ்ந்தது. மகாராஜா சிறைப்பட்டார். டச்சுக்காரரும் நாகூரை விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

நமக்கு வியப்பளிப்பது, வென்ற நவாபும் கடனாளியாயிருந்ததே. தஞ்சை வயல்களின் விளைச்சலை அவர் பால் பென்பீல்டு என்ற கும்பெனி உத்தியோகஸ்தனுக்கு ஈடுகட்டியிருந்தாராம்! 1776-ல் கவர்னர் பிகட் பிரபு ராஜ்யத்தைத் துளஜாவுக்குத் திருப்பியளித்ததும், பென்பீல்டு தன் பாத்தியதையைக் கிளப்பினான். தகராறு முற்றிக் கவர்னரே தம் கவுன்சிலரால் கைதாகி, 1777-ல் காவலிலேயே மாண்டார். உழவன் நட்ட நாற்றுக்கு இத்தனை உரிமையாளர்; உழவனை மட்டும் எவரும் கேட்கவில்லை.

மீண்ட மகாராஜாவும் கும்பெனிப் படைக்கென்று ஆண்டுக்கு 4 லட்சம் வராகன் செலுத்தக் கட்டுப்பட்டார். 1781-ல் ஹைதரின் சேனை காவேரி நாட்டைச் சூறையாடியது. குடிகள் ஊரை விட்டோடினர், வயல்கள் தரிசாயின, பஞ்சம் புகுந்தது. அவ்வாண்டு நவம்பரில் நாகப்பட்டினமும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1787-ல் துளஜா, சரபோஜியைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டு காலமானார். 1799-ல் அப்பிள்ளை தஞ்சையின் நிர்வாகத்தைக் கும்பெனியிடம் ஒப்படைத்தார்.