நெருப்புக்குள் நீர் விட்ட என்ஜினீயர்

பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர் கலந்துவிட்டால் வண்டி மக்கர் செய்யும். இது டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால், வேண்டுமென்றே என்ஜினுக்குள் தண்ணீரைப் பீச்சி அதன் வலுவைக் கூட்டிக் காட்டினார் ஒருவர். அவர் ஹங்கேரி நாட்டு என்ஜினீயர் டொனாட் பாங்கி.

1859-ல் ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்த பாங்கி, புடாபெஸ்ட் நகரில் படித்து, அங்குள்ள கான்ஸ் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். அவருடைய கூட்டாளி யானோஷ் சோங்கா. பட்டம் எதுவும் பெறாத தொழில் நிபுணர் அவர். இருவரும் சேர்ந்து கார்புரேட்டர் ஒன்றை அமைத்து 1893 பிப்ரவரியில் காப்புரிமை கோரினார்கள். பூக்காரப் பெண் ஒருத்தி பூக்களின் மீது நீர் தெளித்ததைப் பார்த்து அந்த யோசனை பிறந்ததாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அதே ஆண்டில் சில மாதம் கழித்து வந்த ஜெர்மானியர் மேபாக்கின் பெயரே உலகில் அதிகம் பரவியது!

பாங்கி சோர்ந்துவிடவில்லை. எரிவாயுக் கலவையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு சக்தி கிடைக்கும். ஆனால் அழுத்த அழுத்தச் சூடேறி, கலவை தானாகவே தீப்பற்றும், என்ஜின் தட்டும். இதற்கு அவர் கண்ட மருந்துதான் தண்ணீர். மண்பானை நீர் எப்படிக் குளிர்கிறது? கசிந்த நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிலோ கொதிநீர் ஆவியாகச் சுமார் 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். பெட்ரோலுடன் நீரையும் தூவலாகச் செலுத்தி, 1890-களிலேயே அதிக அழுத்தத்தில் என்ஜினை ஓடவைத்தார் பாங்கி.

1899-ல் பேராசிரியரானார். 1917-ல் அவர் வகுத்த நீர்ச் சுழலி சிறு மின்நிலையங்களில் இன்றும் சுழல்கிறது. 1922-ல் காலமானார்.

டர்போசார்ஜர் வந்தபின் அவர் வழி மறுபடி தேவைப்பட்டது. டர்போ, புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தித் திணிக்கும். காற்று சூடாகும், பழைய தொல்லை திரும்பும். அமெரிக்காவில் 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைப் பீச்சினார்கள். அது தீர்ந்தால் டர்போவின் அழுத்தம் தானே குறையும்படி ஏற்பாடு. சொந்தக்காரர்களில் பலர் அதை நிரப்ப மறந்தார்கள். வண்டியில் வேகமில்லை என்று புகார்கள் எழுந்தன. கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டு, சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுத்தார்கள்.